மின்வாயும் பற்றும்

பற்றை அறவே துறந்தவனால் காரியம் செய்ய இயலுமா என்பது நம் தத்துவ விசாரங்களில் மிகப் பழைய கேள்வி. சூரியன் தன்பாட்டில் உதிக்க, அதன் சந்நிதியில் தாமரை தானே மலர்வதைப்போல, ஞானியின் முன்னிலையில் காரியங்கள் தாமே நிகழ்கின்றன என்று பெரியோர் சமாதானம் கூறுவர். ரசாயன நூல்களும், தான் மாறாமல் பிறவற்றை மாற்றுவது என்று வினையூக்கிக்கு ஏறக்குறைய இதே லட்சணத்தையே எழுதி வைத்திருக்கின்றன. ஆயினும், நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்வாயைப் பற்றிச் சிறிது படித்தபின், இந்தத் தாமரை உவமையில் எனக்கிருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது.

நீரைப் பிரிக்கச் சாஸ்திரப்படி 1.23 வோல்ட் போதும் என்றிருக்க, ஆலைகளில் 1.8 முதல் 2 வோல்ட் வரை செலவாகிறதென்றால், அந்த உபரியில் நல்லதொரு பங்கு மின்வாயின் பரப்பில் நேரும் தயக்கத்துக்குச் செலுத்தும் கப்பமே. பாதரசம் ஹைட்ரஜன் அணுவைத் தீண்டவே கூசுவதால், பூரண வைராக்கியம் வாய்ந்த அதனிடம் வினை எளிதில் நடப்பதில்லை. டங்ஸ்டனோ, பற்றிய அணுவை விட மனமின்றி இறுக்கிக்கொள்கிறது. பிளாட்டினமே வேண்டுமளவு பற்றி, அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடியதும் விட்டுவிடுகிறது. 1912-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு ரசாயனி பால் சபாத்தியேயின் பெயரால் வழங்கும் தத்துவம் இதுதான். சந்நிதி மாத்திரத்தால் இங்கே ஒன்றும் நடக்கவில்லை, தொட்டால்தான் நடக்கிறது.

பிளாட்டினம் கட்டுப்படியாகாத ஆலைக்காரர், நிக்கலோடு அலுமினியத்தைச் சேர்த்து உருக்கி, அலுமினியத்தை மட்டும் காரத்தில் கரைத்தெடுத்து, எஞ்சும் துளைகளால் நிக்கலின் பரப்பைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்கிறார்கள். அங்கும் ஒரு தொல்லை உண்டு. கண்ணாடிக் கலத்தில் நிக்கல் கம்பியைப் பார்த்தால், கடுகினும் சிறிய குமிழி ஒன்று மேலே ஏறாமல் அங்கேயே ஒட்டிப் பருத்து, பக்கத்துக் குமிழியோடு கலந்த பிறகே கிளம்புவதும், அதுவரை அது மூடிய இடத்தை நீர் அண்டமுடியாமல் போவதும் தெரியும். அணுவை விடத் தெரிந்த உலோகம் குமிழியிடம் சிக்கிக்கொள்வதைக் காணும்போது, வீடு வாசலைத் துறந்துவிட்டுக் கோவணத்துக்காகப் பூனை வளர்த்த சந்நியாசிதான் நினைவுக்கு வருகிறார்.

ஓய்வும் இந்த மின்வாய்க்கு ஆகாது. சூரிய மின்சாரத்தால் இயங்கும் கலங்களில் அந்திப்பொழுதில் மின்சாரம் நின்றதும், உள்ளே தேங்கிய சக்தி எதிர்த்திசையில் பாய்ந்து நிக்கல் மின்வாயை அரிக்கிறது. அதைத் தடுக்க, இரவு முழுவதும் சிறிதளவு மின்சாரத்தை ஓடவிட்டு வைப்பதும் உண்டு.