ஒரு நண்பனுக்காக

அபூர்வமான ஒன்றைத் தேடிக் கண்டடைந்தவன் அதைப் பிறருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவன்தான் என்றால், அவன் கொடுக்க வேண்டியது எதை? கேள்வி அரூபமாகத் தோன்றலாம். என்னிடம் அது ஸ்தூலமான உருவில்தான் வந்து சேர்ந்தது. 1971க்கும் 1975க்கும் இடையே இத்தாலியில் வெளியான சில ராக் இசைத்தட்டுகளை நானும் நண்பர்கள் நால்வரும் சில ஆண்டுகளாகக் கைமாற்றிக் கேட்டு வருகிறோம். பாட்டுக் கேட்பதில் ஒழுக்கப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இசையைப் பற்றி. 'ப்ரோக்ரஸிவ் ராக்' என்று பின்னர் பெயர் பெற்ற போக்கு 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கியது. மூன்று நிமிஷப் பாட்டின் சட்டகத்தை உடைத்து, ஸிம்ஃபனியின் விஸ்தாரத்தையும் ஜாஸின் சுதந்திரத்தையும் மின்கிதாரின் உரத்த குரலோடு சேர்க்க முயன்ற இசை அது. அதன் சில குழுக்களை இங்கிலாந்தைவிட இத்தாலிதான் அதிகம் கொண்டாடியது. வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' தன் நாட்டின் விற்பனைப் பட்டியலில் நுழையக்கூட இல்லை; 1972இல் இத்தாலியில் பல வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இத்தாலிய இளைஞர்கள் ரசிகர்களாக மட்டும் நின்றுவிடவில்லை. ரோமில் பாங்கோ தெல் முத்துவோ ஸொக்கோர்ஸோ, மிலானில் பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி, ஆரெயா, வெனிஸ் பக்கத்திலிருந்து லெ ஓர்மெ, நேப்பிள்ஸில் ஓஸான்னா என்று குழுக்கள் கிளம்பின. ஆங்கிலப் பாணியை எடுத்துக்கொண்டு அதில் தங்கள் ஓபராவின் குரலையும், தேவாலய ஆர்கனையும், மத்தியதரைக் கடலோரத்து நாட்டு நடனங்களையும் கலந்தார்கள். பாடியது தங்கள் மொழியில். பல குழுக்கள் ஒரே தட்டோடு கலைந்தன. எழுபதுகள் முடிவதற்குள் அலை ஓய்ந்துவிட்டது. அதன்பின் அந்தத் தட்டுகளை உயிரோடு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அன்னியர்கள். ஜப்பானில் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1980களில் அவற்றில் பலவற்றை மறுபதிப்புச் செய்தது.

ஆகவே இந்த இசையை 'நான் கண்டுபிடித்தேன்' என்று எங்களில் யார் சொன்னாலும் அது அசட்டுத்தனம். யாரோ வாசித்தார்கள், யாரோ பதிவு செய்தார்கள், விற்காத தட்டை யாரோ பரண்மீது பத்திரமாக வைத்திருந்தார்கள், யாரோ மறுபதிப்புக்குக் காசு போட்டார்கள். இத்தனை கைகள் தாண்டி நமக்கு வருகிறது. கண்டுபிடிப்பு என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையில் ஒரு ரசீது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். இந்தக் கடன் பிரக்ஞையிலிருந்துதான் கொடுப்பது பற்றிய யோசனையும் தொடங்க முடியும்.

கொடுக்கத் தகுந்ததுதானா இது என்பதற்கு ஒரு உதாரணம் தருகிறேன். பாங்கோவின் 'டார்வின்!' 1972இல் வந்தது. பரிணாமம் பற்றிய தட்டு. அதில் ஏழரை லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காதலைப் பற்றி ஒரு பாட்டு. இன்னும் மனிதனாகி முடியாத ஒரு ஜீவன் ஒரு பெண்ணைப் பார்த்து ஏங்குகிறது. அதனிடம் ஆசை இருக்கிறது, சொல் இல்லை. பிரான்சிஸ்கோ தி ஜாக்கொமோ அதைப் பாடுகிறார். பருத்த உடம்பு, தாடி, அதற்குச் சம்பந்தமே இல்லாதது போன்ற மிருதுவான, உயர்ந்த குரல். இத்தாலிய மொழி எனக்குத் தெரியாது. பாட்டின் பொருளை நான் தெரிந்துகொண்டது பல தடவை கேட்ட பிறகு. ஆனால் சொல்லில்லாத ஒன்றின் தவிப்பு சொல் புரியாத எனக்கு முதலிலேயே எட்டிவிட்டது. பாட்டுக்குள் இருக்கும் ஜீவனும் பாட்டைக் கேட்கும் நானும் ஏறக்குறைய ஒரே நிலைமையில் இருந்தோம். இப்படிப்பட்ட அனுபவம் ஒருவனுக்குக் கிடைத்தபின் அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது சிரமம். பகிர்தல் என்பது முதலில் ஒரு தேவை, தர்மமெல்லாம் பிறகுதான்.

இந்தத் தேவை திரிந்துபோக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று சேகரிப்பாளனின் வழி. மூலப் பதிப்புகள் இன்று நூற்றுக்கணக்கான யூரோக்களுக்கு விலை போகின்றன. சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் இந்த இசையே மிஞ்சியிருக்காது என்பது நியாயந்தான். ஆனால் அபூர்வமாகக் கிடைப்பது என்ற குணத்தைக் கலையின் குணமாக மயங்குவது அங்கேதான் தொடங்குகிறது. யாருக்கும் கிடைக்காத தட்டு என்பதாலேயே அது உன்னதம் என்று சாதிப்பவர்களை நான் அறிவேன். இருபது பேர் மட்டும் கேட்ட சாதாரண இசை, சாதாரண இசைதான். நூற்றுக்கணக்கில் மட்டுமே அச்சாகும் பத்திரிகைகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்த மயக்கம் புதிதல்ல. குறைந்த பேருக்குத் தெரிந்திருப்பதையே நம் தகுதிப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் நம்மிடையே இல்லையா?

மற்றது இதற்கு நேர் எதிர் வழி. எல்லாவற்றையும் எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பது. எங்கள் ஐவரில் ஒருவர் தாராள மனசுக்காரர். ஒரு முறை ஏறக்குறைய இருநூறு ஆல்பங்களை ஒரே பென் டிரைவில் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார். கொடுத்ததில் அவருக்குத் திருப்தி. வாங்கியதில் எங்களுக்கும் திருப்தி. மூன்று மாதம் கழித்துப் பேசியபோது இருநூறில் ஒன்றைக்கூட எவரும் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. அவரும் அவற்றில் பாதியைக் கேட்டதில்லை என்று தெரிந்தது. தான் கேளாததை ஒருவர் கொடுக்கிறார், தான் கேட்கப் போகாததை மற்றவர் வாங்கிக்கொள்கிறார். இதற்கு ஈகை என்று பெயர் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இசை எல்லோருக்கும் உரியது என்ற வாதத்தை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்ததும் இத்தாலிதான். எழுபதுகளில் அங்கே இளைஞர்கள் கச்சேரிக்குக் கட்டணம் கொடுக்க மறுத்தார்கள். விலையைத் தாங்களே குறைத்துக்கொள்ளும் 'அவுட்டோரிதுத்ஸியோனெ' என்ற அரசியல் நடைமுறையின் ஒரு பகுதியாக. தடுப்புகளை உடைத்து நுழைந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. 1976 ஏப்ரலில் மிலானில் பிரான்சிஸ்கோ தெ கிரிகோரி என்ற பாடகரைக் கச்சேரி முடிந்த பிறகு மீண்டும் மேடைக்கு இழுத்து வந்து, எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று விசாரணை நடத்தினார்கள். அதே ஆண்டு ஜூனில், அதே நகரத்தின் லாம்ப்ரோ பூங்காவில் 'ரே நூதோ' என்ற மாற்றுக் கலாச்சாரப் பத்திரிகை நடத்திய இளைஞர் விழாவில் உணவு வண்டிகள் சூறையாடப்பட்டன. வெளிநாட்டுக் குழுக்கள் சில ஆண்டுகள் இத்தாலிப் பக்கம் வருவதையே தவிர்த்தன. அந்த இளைஞர்களின் கோபம் பொய்யில்லை. கலையை விலைப் பண்டமாக்கியவர்கள் மீது வந்த கோபம் அது. ஆனாலும் தட்டைப் பெட்டியில் பூட்டியவனும் தடுப்பை உடைத்தவனும் ஒரு விஷயத்தில் உடன்படுகிறார்கள். இருவருக்கும் இசை என்பது கையில் வந்து சேர வேண்டிய ஒரு பொருள். ஒருவன் பூட்டுகிறான், மற்றவன் பறிக்கிறான். கையில் வந்த பிறகு அதை என்ன செய்வது என்ற கேள்வி இருவருக்கும் எழவில்லை.

அந்தக் கேள்வியை எனக்கு எழுப்பியது மூஸெயோ ரோஸன்பாக் என்ற குழுவின் 'ஸரதூஸ்த்ரா.' 1973இல் வந்தது. முதல் பக்கம் முழுவதும் நீட்ஷேயின் நூலைப் பற்றிய ஒரே தொடர் இசை, ஐந்து பகுதிகளில். தொடக்கத்தில் தயங்கித் தயங்கி வரும் மெட்டு, இருபது நிமிஷம் கழித்து, மெல்லோட்ரானின் முழு வீச்சோடு திரும்பி வரும்போது அந்தத் தயக்கத்தின் அர்த்தம் பிடிபடுகிறது. இதைக் கேட்டுவிட்டு நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். அதன் அட்டைப்படத்தின் ஒட்டுச்சித்திரத்தில் முஸோலினியின் மார்பளவுச் சிலை ஒன்றின் துண்டு இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். முஸோலினியும் நீட்ஷேயும் ஒரே அட்டைக்குள் இருந்ததால் அன்று இத்தாலியில் அந்தக் குழுவை ஃபாஸிஸ்டுகள் என்று முத்திரை குத்திவிட்டார்கள். குழு அந்த ஒரே தட்டோடு கலைந்து, நெடுங்காலம் கழித்துத்தான் திரும்பி வந்தது. 'அப்படியானால் எனக்கு வேண்டாம்' என்றார் நண்பர். அவருடன் பல வாரங்கள் வாதிட்டேன். அன்றைய இத்தாலிய விமர்சகர்களில் பலர் அட்டையைப் பார்த்தார்கள், இசையைக் கேட்கவில்லை. இன்று நம்மில் பலர் இசையைக் கேட்கிறார்கள், அட்டை ஒன்று இருந்ததே தெரியாது. இரண்டும் குருட்டுத்தனம். கடைசியில் நண்பர் கேட்டார். இசை பிடித்தது, ஆனால் அந்தப் படத்தை மன்னிக்க முடியவில்லை என்றார். இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். அவர் முழுப் படைப்பையும் வாங்கிக்கொண்டார், அதன் கறையோடு சேர்த்து. அதை மறைத்துக் கொடுத்திருந்தால் நான் கொடுத்தது பாதிதான்.

வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இதைச் சொல்ல ஒரு வழி தோன்றுகிறது. முன்பெல்லாம் புதிதாகக் கணக்குத் தொடங்க வருபவரை ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். 'இவரை எனக்குத் தெரியும்' என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அடையாள ஆவணங்களே போதும் என்றான பின் அந்த வழக்கம் போய்விட்டது. அந்தக் கையெழுத்தில் பணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காகத் தன் பெயரை வைக்கிறான். ஒரு இசைத்தட்டைக் கொடுப்பதும் இந்த அறிமுகக் கையெழுத்துதான் என்று நினைக்கிறேன். இதை நான் கேட்டிருக்கிறேன், இதன் பலம் இது, பலவீனம் இது, இதை உன்னிடம் கொடுப்பதற்குக் காரணம் இது. இத்தனையும் சொல்ல முடிந்தவனுக்கே கொடுக்கும் யோக்யதை உண்டு. விமர்சனம் என்பதும் வேறொன்றுமில்லை. 'எல்லாமே அற்புதம்' என்று சொல்லிக் கொடுப்பவன் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவன்.

நகல் எடுத்துக் கொடுப்பது திருட்டு ஆகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாசித்தவர்களில் சிலர் இன்றும் இருக்கிறார்கள், பல தட்டுகள் இன்று கடையிலும் கிடைக்கின்றன. கேட்டுப் பார்க்கக் கொடுக்கலாம், தன்னுடையதென்று வைத்துக்கொள்ள விரும்புபவன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. சட்டம் இதை ஒப்புக்கொள்ளாது. என் மனசாட்சியும் அரைகுறையாகத்தான் ஒப்புக்கொள்கிறது. இருந்தும் ஒருவருக்கு ஒருவராகக் கைமாறும்போது கடன் யாரிடம் என்பதாவது மறந்துபோவதில்லை.

பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி 1972இல் வெளியிட்ட இரண்டாவது தட்டின் பெயர் 'பெர் ஊன் அமீக்கோ.' 'ஒரு நண்பனுக்காக' என்று அர்த்தம். அடுத்த ஆண்டு அந்தக் குழுவை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். பீட்டர் ஸின்ஃபீல்ட் ஆங்கிலத்தில் புதிதாக வரிகள் எழுதினார், அவை மொழிபெயர்ப்பல்ல. 'ஒரு நண்பனுக்காக' என்ற பாட்டு 'ஆவிகளின் புகைப்படங்கள்' ஆயிற்று, தட்டுக்கும் அதுவே பெயர். வரிகளே இல்லாத ஒரு துண்டுக்கு வரிகள் ஏற்றி, ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை உழைக்கும் குமாஸ்தாவின் பாட்டாக்கினார்கள். அந்தக் குமாஸ்தா வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் சிரிப்பு. வாசிப்பு அதே திறமைதான். ஆனால் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும் என்று செய்யும்போது முதலில் விழுந்துபோனது அந்த நண்பன்தான். இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும்.

பாங்கோ என்ற குழுவின் பெயருக்குப் 'பரஸ்பர உதவி வங்கி' என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியத் தொழிலாளர்கள், நோயிலும் சாவிலும் ஒருவருக்கொருவர் உதவச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். அவற்றின் பெயரில் இருந்த சொற்கள் இவை. குழுவின் முதல் தட்டு உண்டியல் வடிவ அட்டையில் வந்தது. வேடிக்கையாக வைத்த பெயராக இருக்கலாம். 1979இல் ஆரெயா குழுவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸ் ரத்த நோயால் நியூயார்க்கில் படுத்திருந்தார். அலெக்ஸாந்திரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். மனிதக் குரல் எதுவரை போகும் என்று சோதித்துப் பார்த்தவர். அவருடைய சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஜூன் 14 அன்று மிலானில் கச்சேரி ஏற்பாடாயிற்று. ஜூன் 13 அன்று அவர் இறந்துவிட்டார். கச்சேரி நடந்தது, பெருங்கூட்டம் வந்தது, பாங்கோவும் வாசித்தது. மூன்று வருஷங்களுக்கு முன் பாடகனை விசாரித்த, உணவு வண்டிகளைச் சூறையாடிய நகரம் அது.

வாங்கிக்கொள்ள வேண்டியவன் இல்லாமற் போனபிறகும் கொடுத்தார்கள். அவர்களுக்கு யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. நம் பென் டிரைவில் இருநூறு ஆல்பங்கள் இருக்கின்றன, வாங்கிக்கொள்ள ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மட்டும் நமக்குத் தெரியவில்லை.