தகட்டின் ஆயுள்

சாத்தான்குளத்துக்கு மேற்கே களக்காடு. அந்தப் பக்கம் நின்று குமரிமுனை நோக்கி ஓடும் மலைத்தொடரை 1792இல் வரைந்துகொண்டவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும். பாபநாசம், குற்றாலம் அருவிகளையும் அப்பயணத்தில் வரைந்தனர். லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 அச்சுப்படங்களில் இவற்றையும் சேர்த்தனர். நம் பகுதியில் பழைய அச்சோவியம் தேடுவோர் முதலில் கேட்பது இவற்றைத்தான். இருநூறு ஆண்டு கடந்த தாள் என்பதாலேயே அது அரியதாகிவிடுமா?

எட்சிங் எப்படி உருவாகிறது என்பதிலிருந்தே விடை தொடங்க வேண்டும். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர் உளியால் உலோகத்தைத் தாமே வெட்டுகிறார். எட்சிங் கலைஞர் செப்புத் தகட்டின் மீதுள்ள மெழுகுப் பூச்சை மட்டும் ஊசியால் கீறுகிறார். செம்பை அரிப்பது அமிலம். அரித்த பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அழுத்தத்தில் எடுத்தால் படம் பதிகிறது. டேனியல்கள் கையாண்ட அக்வாடின்ட் இதன் கிளை. குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடேற்றி ஒட்டவைத்து அரிக்கும்போது, கோட்டுக்குப் பதில் நிழற்பரப்பு கிடைக்கும்.

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் செம்பு சிறிது தேய்கிறது. அக்வாடின்டின் நுண்குழிகள் விரைவில் மழுங்கும். டிரைபாயின்ட் என்னும் இன்னொரு முறையில் அமிலமே இல்லை. ஊசி நேரே செம்பைக் கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்து, கோட்டுக்கு வெல்வெட் போன்ற கருமை தருகிறது. சில பத்துப் படிகளுக்குள் அது நசுங்கிவிடும். ஆகவே ஒரே தகட்டின் முதற்படியும் கடைசிப் படியும் பெயரளவில்தான் ஒரே படம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எட்சிங் மறுமலர்ச்சி இந்தக் குறையையே சிறப்பாக மாற்றிக்கொண்டது. பிறர் ஓவியத்தை நகலெடுக்கும் வேலை புகைப்படத்தின் பக்கம் நகரத் தொடங்கியபோது, ஓவியர்கள் தாமே தகட்டை எடுத்தார்கள். 1858இல் ஓவியர் விஸ்லரின் ‘பிரெஞ்சுத் தொகுதி’ என்ற எட்சிங் தொகுப்பு வந்தது. 1862இல் பாரிசில் கதார் என்ற பதிப்பாளர் எட்சிங் கலைஞர் சங்கம் நிறுவினார். 1880இல் லண்டனில் சீமோர் ஹேடன் அவ்வாறே செய்தார். ஹேடனின் தொழில் அறுவை மருத்துவம். ஊசி அவர் கைக்குப் புதிதன்று! தகட்டின் மேல் மையை மென்படலமாக விட்டு, பழைய கைத்தாளைத் தேடி, ஒவ்வொரு படியையும் தனிப் படைப்பாக எடுப்பது இவர்கள் காலத்தில் பெருவழக்காயிற்று.

அதே காலத்தில்தான் செப்புத் தகட்டுக்கு இரும்புப் பூச்சு கொடுக்கும் முறையும் பரவியது. தகடு ஆயிரக்கணக்கில் அச்சிடத் தாங்கியது. படியின் அருமை குறைந்தது. ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு: பூச்சுக்கு முன் எடுத்ததா, கலைஞர் தகட்டைத் திருத்திய எந்த நிலையில் எடுத்தது, பிசிறின் கருமை எஞ்சியிருக்கிறதா. பென்சிலில் இட்ட வரிசை எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. அது பின்னாளில் வேரூன்றிய வணிக வழக்கம், அச்சிட்ட வரிசையைக் காட்டும் என்பதற்கும் உறுதியில்லை.

இம்மரபு இந்தியாவுக்கு வந்த தெளிவான வழி முகுல் தே. 1916இல் சிகாகோவில் எட்சிங் பயின்றவர், பின்னர் லண்டனில் பிராங்க் ஷார்ட்டிடம் கற்றார். ஹேடனுக்குப் பின் அவர் சங்கத்துக்குத் தலைமையேற்றவர் ஷார்ட். 1928இல் கல்கத்தா அரசு கலைப்பள்ளியின் முதல்வரான முகுல் தே, டிரைபாயின்டையே பெரிதும் விரும்பினார். விஸ்லரைத் தேடி அலைவதைவிட, நம்மூர்ச் சேகரிப்பாளர் இவருடைய நல்ல படியொன்றைப் பொறுமையாகத் தேடலாம் என்பது என் கருத்து.

கிடைத்தபின் காப்பது தனி வேலை. உப்பளக் காற்றின் ஈரத்தில் தாளில் பழுப்புப் புள்ளி படரும். இராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். அமிலமற்ற அட்டையில், ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் கொண்டு மேல்விளிம்பில் மட்டும் ஒட்ட வேண்டும். செல்லோடேப் கூடவே கூடாது. தகட்டின் விளிம்பு தாளில் பதித்த பள்ளத்தைச் சட்டத்துக்காக வெட்டிவிட்டால், தகட்டின் அளவைச் சரிபார்க்கும் சான்று போய்விடும்.