இளைப்பாறுதல் தோல்வியாகுமா?

மாட்டுத்தாவணி என்றால் நம் முன்னோர்க்கு மாட்டுச்சந்தை. 1999 முதல் நமக்கு அது பேருந்து நிலையம். பரமக்குடி, மானாமதுரை, அருப்புக்கோட்டை, மேலூர்ப் பக்கத்துப் பேருந்துகளிலிருந்து இறங்கி, கோரிப்பாளையத்து அரசு இராசாசி மருத்துவமனைக்கு நகரப் பேருந்து தேடுவோர் அங்கு நாள்தோறும் உண்டு. கையில் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பை, சாப்பாட்டுத் தூக்கு, முடி உதிர்ந்த தலையை மறைக்கும் முக்காடு. இவர்களுள் சினைப்பைப் புற்றுநோயால் வருந்தும் பெண்களும் உளர். மூன்று வாரத்திற்கு ஒரு முறை 'கீமோ' ஏற்றிக்கொள்ள வருகின்றனர். "இந்த முறை வேண்டாமே, கொஞ்ச நாள் விட்டுவிடுங்களேன்" என்னும் சொல் அவர்களுள் எத்தனை பேரின் தொண்டையிலேயே நின்றுவிடுகிறதோ! இவ்வாறு கேட்பது உயிரை ஈந்தவருக்கு எதிரான குற்றமா? இதுவே இங்கு நாம் ஆராய விழைவது.

இந்நோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே வெளிப்படுகிறது. அறுவை மருத்துவமும், கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்னும் மருந்துகளை ஏறத்தாழ ஆறு முறை செலுத்துவதும் வழக்கமான முதல் சிகிச்சை. அதனால் நோய் அடங்குவதுண்டு. ஆனால் பலருக்கு மீண்டும் தலைதூக்குகிறது. அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என நீளும்போது இடைவெளி குறைந்துகொண்டே வரும். குமட்டல், சோர்வு, இரத்தக்குறைவு. போதாக்குறைக்கு விரல் நுனிகள் மரத்துப்போகும். செபமாலை மணியை விரல் உணராத நிலையை எண்ணிப் பார்ப்போமாக.

இந்நிலையில் சில மருத்துவர்கள், தகுந்த சிலருக்கு, கீமோவைச் சில மாதம் நிறுத்தி ஹார்மோன் மாத்திரை தருகின்றனர். இதன் வேர் பழையது. 1896இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், மார்பகப் புற்றுநோயுற்ற பெண்ணின் சினைப்பைகளை அகற்றியபோது கட்டி சுருங்கியதை வெளியிட்டார். ஈஸ்ட்ரோசன் என்னும் ஹார்மோனை உண்டு வளரும் புற்றுநோய்கள் உள என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தமாக்சிஃபென் அந்த ஹார்மோன் உயிரணுவைச் சென்று பற்றாதபடி தடுக்கிறது. லெட்ரோசோல் அது உருவாவதையே குறைக்கிறது. வீட்டிலிருந்தே நாள்தோறும் விழுங்கும் மாத்திரை இது.

மிகைப்படுத்தல் வேண்டாம். மீண்டும் வந்த சினைப்பைப் புற்றுநோயில் இம்மாத்திரையால் கட்டி சுருங்குவோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. வேறு சிலருக்கு நோய் சில மாதங்கள் வளராது நிற்கிறது. மெதுவாக வளரும் வகையில் பயன் கூடுதல். மூட்டுவலி, உடல் வெப்பம், எலும்புத் தேய்வு, தமாக்சிஃபெனால் இரத்தம் உறைதல் ஆகிய தீங்குகளும் உண்டு. முதல் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு இது மாற்றன்று என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆனால், "விடாது மருந்தேற்றினால்தான் ஆயுள் நீளும்" என்னும் நம் எண்ணம் எப்போதும் சரியா? 2010இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதல் சிகிச்சையால் நோய் அடங்கிய பின் சி.ஏ.125 என்னும் இரத்தக் குறியீடு ஏறிய 529 பெண்கள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர்க்கு உடனே கீமோ; மற்றவர்க்கு நோயின் அறிகுறி தோன்றிய பின்னரே. முன்கூட்டித் தொடங்கியவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழவில்லை. அவர்களது நலவாழ்வோ முன்னதாகவே குன்றிற்று. இவ்வாய்வு ஹார்மோன் மாத்திரையைப் பற்றியதன்று. எனினும் காத்திருத்தல் கைவிடுதல் ஆகாது என்பதற்குச் சான்று.

திருச்சபையின் சிந்தனையும் இதற்கு மாறானதன்று. பதினாறாம் நூற்றாண்டில் சலமாங்காவில் கற்பித்த சாமிநாதர் சபைக் குரு பிரான்சிசுகோ தெ வித்தோரியா, உயிர் காக்கும் கடமைக்காக ஒருவன் விலையுயர்ந்த கோழிக்கறியையே தேடி உண்ணக் கட்டுப்பட்டவன் அல்லன் என்றார். நகைப்புக்குரிய எடுத்துக்காட்டாகத் தோன்றலாம். ஏழை வீட்டு அடுப்பை அறிந்தவரின் சொல் அது. 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசுகையில், தனக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமை ஆகாத வழிகளைக் கையாளவே பொதுவாகக் கடமை உண்டு என்று விளக்கினார். 1992இல் வெளியான மறைக்கல்வி நூலின் 2278ஆம் எண், பயனுக்கு மிஞ்சிய சுமையான சிகிச்சையை நிறுத்துதல் முறையானதாகலாம் என்கிறது. முடிவெடுக்க வேண்டியவர், ஆற்றலுள்ளவரானால், நோயாளியே என்றும் அது கூறுகிறது.

இந்தக் கடைசிக் கருத்தில்தான் நம் குடும்பங்கள் இடறுகின்றன. மருத்துவர்முன் அமர்வோர் கணவரும் மூத்த மகனும். நோயுற்ற அம்மா வெளியே விசுப்பலகையில். அவர்களது அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த அன்பு, "நாங்கள் எல்லாம் செய்து பார்த்தோம்" என்று பின்னாளில் சொல்லிக்கொள்ளத் தேடும் ஆறுதலோ என்று கேட்கத் தோன்றுகிறது. "சிலுவையைச் சுமக்கத்தானே வேண்டும்" என்று அவளுக்கு அறிவுரை சொல்வோரும் உண்டு. தம் தோளில் இல்லாத சிலுவையின் எடையைப் பிறர் நிறுத்துச் சொல்ல இயலாது.

மறுபக்கமும் உண்டு. பெண்ணின் மருத்துவத்திற்குக் கடன்பட மனமில்லாத வீட்டில், "மாத்திரை போதும்" என்பது கனிவின் உடையணிந்த புறக்கணிப்பாகலாம். மாத்திரை ஒன்றே, கொடுக்கும் நெஞ்சம் வேறு. அவளே கேட்டாளா, உண்மை அவளுக்குச் சொல்லப்பட்டதா, தொடர்ந்து பரிசோதனைக்கு அழைத்துச் செல்வார்களா, வலிக்கு மருந்து உண்டா என்பவற்றைக் கொண்டே இதனைப் பிரித்தறிய முடியும்.

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் அடியில் சாக விரும்பிப் படுத்தார். வானதூதர் அவரை உடனே ஓரேபு மலைக்கு விரட்டவில்லை. அப்பமும் நீரும் தந்தார்; எலியா மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறை எழுப்பியபோதுதான் நெடும்பயணத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்த இரண்டாம் உறக்கத்தைத் திருநூல் குறையாகக் கூறவில்லை. மூன்று மாத ஓய்வில் பேத்தியின் புதுநன்மைக்கு எழுந்து நடந்துபோக விரும்பும் பெண்ணுக்கு நாம் என்ன மறுமொழி சொல்லப்போகிறோம்? அடுத்த முறை மருத்துவர் அழைக்கும்போது அவளையும் உள்ளே அமர்த்தி, "அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று முதலில் அவளைக் கேட்கலாமே.