ஏட்டுச் சுரைக்காயும் ஏட்டுத் தோழமையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. படிப்பு வேறு, வாழ்வு வேறு என்று பிரித்துக் காட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான சொல் நம்மிடம் இல்லை. ஆயினும், இந்தச் சொல்லை எல்லா ஏடுகளின்மீதும் ஒன்றுபோல் எறிந்துவிடலாமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. குறிப்பாக, நட்பைப் பற்றிக் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட தொடர் நூல்களின்மீது எறியலாமா?

தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்த நம் குடும்பங்களில் இது வெறும் இலக்கிய வினா அன்று. நடுவணரசு அலுவலகம், இரயில்வே, வங்கி, படைத்துறை என எதில் பணியாற்றினாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வந்து நிற்கிறது. பெரியவர்களுக்கு அது ஓர் ஆணைத் தாள். குழந்தைக்கோ அது ஒரு நட்பின் முடிவு. நாகபுரியில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த தோழன் தில்லியில் இல்லை. புதிய பள்ளியின் விளையாட்டுத் திடலில் பேசும் மொழி வேறு. அங்கே அணிகள் முன்பே பிரிக்கப்பட்டுவிட்டன. பழைய ஊரிலிருந்து சில மாதங்கள் கடிதம் வரும், பிறகு நின்றுவிடும். பாத்திர மூட்டைகளோடு லாரியில் ஏறி வந்த புத்தகப் பெட்டியைத் திறந்ததும் குழந்தை தேடி எடுப்பது, பத்து முறை படித்து முடித்துவிட்ட ஏதோ ஒரு புத்தகத்தை. "வெளியே போய் நாலு பிள்ளைகளோடு விளையாடக் கூடாதா? எத்தனை தடவைதான் அதையே படிப்பாய்?" என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குள் ஒரு கவலை இருக்கிறது. ஏட்டில் உள்ள தோழமை, உயிருள்ள தோழமைக்குப் போலியாக வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமோ என்ற கவலை அது.

அதே புத்தகத்தையே ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு விடை காண்பது அரிதன்று. நட்பு என்பதே மீண்டும் மீண்டும் கண்டு பழகுவதால் விளைவது. ஒரே ஒரு கதையில் வந்து போகிறவன் நமக்கு அறிமுகமானவன். அடுத்த நூலிலும் அதற்கடுத்த நூலிலும் வருகிறவன் பழக்கமானவன். அவன் இப்போது என்ன சொல்லப் போகிறான் என்பது குழந்தைக்கு முன்பே தெரியும். தெரிந்ததை அவன் சொல்லக் கேட்பதில் ஒரு நிறைவு உண்டு. நம் பழைய நண்பர்களிடமும் நாம் புதுமையையா எதிர்பார்க்கிறோம்?

நம் வீடுகளில் இத்தகைய நூல்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை எனிட் பிளைட்டன் எழுதியவை. 1942 முதல் 1963 வரை அவர் எழுதிய 'ஃபேமஸ் ஃபைவ்' நூல்கள் 21. 'சீக்ரெட் செவன்' நூல்கள் 15. இரயில் நிலையப் புத்தகக் கடைகளிலும் வாடகை நூலகங்களிலும் இவற்றைத் தேடி அலைந்த தலைமுறை நம்முடையது. இவற்றின் இன்பத்தை நாம் மறுக்கவில்லை. பெற்றோர் குறுக்கிடாத விடுமுறை, கூடை நிறைய உணவு, ஒரு தீவு, ஒரு சுரங்கவழி: எந்தக் குழந்தைக்குத்தான் இவை கசக்கும்? ஆனால் இந்த நூல்களில் நட்பு என்பது வீரச்செயலுக்கு ஏறிச் செல்லும் வண்டி. ஊர் போய்ச் சேர்ந்ததும் வண்டியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அன்றியும் 'ஃபேமஸ் ஃபைவ்' குழுவில் நால்வர் உடன்பிறந்தாரும் ஒன்றுவிட்ட உறவினரும். ஐந்தாவது ஒரு நாய். 'சீக்ரெட் செவன்' குழுவினரோ ஒரு கொட்டகையில் கூடி, அடையாளச் சொல் கேட்டே கதவைத் திறப்பார்கள். குழுவில் ஒருவனான ஜாக்கின் தங்கை சூசிக்கு அங்கே இடம் இல்லை. கதவுக்கு உள்ளே இருப்பவர்களின் களிப்பில் ஒரு பங்கு, அவள் வெளியே நிற்பதால் வருவது. புதுப் பள்ளிக்குச் சென்ற நம் குழந்தைக்கு அந்தக் கதவின் வெளிப்புறம் நன்றாகத் தெரியும்.

நட்பையே பொருளாகக் கொண்டு, அதற்குள் இருக்கும் அறவினாக்களை அச்சமின்றித் தொட்ட தொடர் வேறொன்று. அதை எழுதியவர் ஆர்னால்ட் லோபெல் என்ற அமெரிக்கர். 1933-இல் பிறந்து நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளியில் பிற சிறுவர்களின் கொடுமைக்கு ஆளானவர். 1987-இல் தம் 54-ஆம் வயதில் மறைந்தார். ஒரு தவளையும் ஒரு தேரையும் நண்பர்களாய் வாழ்வதைப் பற்றி 1970, 1972, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் நான்கு சிறு நூல்களை எழுதி, படங்களையும் தாமே வரைந்தார். நூலுக்கு ஐந்து கதைகள், ஆக இருபது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கென அமைந்த எளிய சொற்கள். தேரை என்றதும் நம்மவர்க்கு முகம் சுளிக்கும். பருப்பில்லாத தேங்காய்க்கும் இளைத்துப்போன குழந்தைக்கும் பழியைத் தேரையின்மேல் போட்டே பழகியவர்கள் நாம். லோபெலின் தேரையும் அப்படி ஒன்றும் விரும்பத்தக்க பிறவி அன்று. சோம்பல் மிக்கது, முணுமுணுப்பது, சிறு தோல்விக்கும் படுக்கையில் போய் விழுவது. தவளையோ பொறுமையும் தெளிவும் உடையது. ஒத்த குணமுடையாரிடையேதான் நட்பு நிலைக்கும் என்ற கொள்கையை இந்த இரண்டும் சேர்ந்து தள்ளி வைக்கின்றன.

முதல் நூலின் முதல் கதையிலேயே ஒரு பொய் இருக்கிறது. குளிர்காலத் தூக்கத்திலிருந்து எழ மறுக்கிறது தேரை. மே மாதம் பாதி கழிந்ததும் எழுப்பு என்கிறது. அதன் சுவரில் தொங்கும் நாட்காட்டி இன்னும் நவம்பரிலேயே நிற்கிறது. தவளை ஒவ்வொரு தாளாகக் கிழிக்கிறது. ஏப்ரலையும் சேர்த்துக் கிழித்துவிட்டு, மே வந்துவிட்டது என்று சொல்லி எழுப்புகிறது. இருவரும் வசந்தத்தைக் காண வெளியே போகிறார்கள். நண்பனின் நலத்துக்காக அவனை ஏமாற்றலாமா? திருவள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் ஒன்று பழைமை. நெடுநாள் பழகியவன் உரிமையால் செய்வதைக் கேளாமலே ஏற்றுக்கொள்வது நட்பின் இயல்பு என்பது அவர் கருத்து. தவளை கிழித்த தாள்கள் அந்த உரிமையின்பாற் பட்டவை என்று நாம் கருதுகிறோம். ஆனால் நாட்காட்டியை எதிர்வீட்டுக்காரர் ஒருவர் வந்து கிழித்திருந்தால் அதையே அத்துமீறல் என்போம். செயல் ஒன்றுதான், செய்தவரின் பழக்கம் அதன் அறத்தை மாற்றிவிடுகிறது. இதை ஓர் ஆறு வயதுக் குழந்தை வாதமின்றி உணர்ந்துகொள்கிறது.

மெய்யியல் அறிஞர்களும் இக்கதைகளை விட்டுவைக்கவில்லை. தின்பதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே இருக்கும் இரு நண்பர்களின் கதையைக் கொண்டு, மனவலிமை என்றால் என்ன என்ற பழங்கேள்வியை 1980-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார் காரெத் மாத்யூஸ் என்ற பேராசிரியர்.

இருபது கதைகளுள் நம் மனத்தை விட்டு அகலாதது மூன்றாம் நூலில் உள்ள ஒன்று. அக்டோபர் மாதம், மரங்கள் இலை உதிர்த்துவிட்டன. தேரைக்குத் தெரியாமல் அதன் முற்றத்தைக் கூட்டி வைப்போம் என்று தவளை புறப்படுகிறது. அதே வேளையில் தவளையின் முற்றத்தைக் கூட்டத் தேரையும் புறப்படுகிறது. வழியில் ஒன்றை ஒன்று காணவில்லை. ஆளில்லாத வீட்டின் முற்றத்தில் ஒவ்வொன்றும் இலைகளைக் குவித்து வைத்துவிட்டுத் திரும்புகிறது. திரும்பும் வழியில் காற்று அடிக்கிறது. குவியல் இரண்டும் கலைந்து முற்றமெங்கும் பரவிவிடுகின்றன. தன் வீட்டுக்கு வந்த தவளை, நாளை நம் முற்றத்தையும் கூட்டவேண்டும், தேரைக்கு இந்நேரம் எவ்வளவு வியப்பாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. தேரையும் அவ்வாறே. அன்றிரவு இருவரும் மகிழ்ச்சியோடு உறங்குகிறார்கள்.

அந்த உதவி நடந்ததா, நடக்கவில்லையா? விளைவைக் கொண்டு அளப்பவர், ஓர் இலைகூடக் குறையவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்பார். எண்ணத்தைக் கொண்டு அளப்பவர், உதவி முழுமையாக நடந்தது என்பார். இரண்டும் ஓரளவே உண்மை என்பது நம் எண்ணம். இக்கதையில் நடந்ததை முழுதும் அறிந்தவர் ஒருவர் உண்டு, அவர் படிப்பவர். தவளைக்குத் தெரியாதது தேரைக்கும், தேரைக்குத் தெரியாதது தவளைக்கும் தெரியும். இரண்டும் தெரிந்திருப்பது குழந்தைக்கு மட்டுமே. நம் சொந்த நட்புகளில் இந்த இடம் நமக்கு என்றும் கிடைப்பதில்லை. நாம் பிறர்க்குச் செய்தது நமக்குத் தெரியும். பிறர் நமக்குச் செய்து காற்றில் கலைந்துபோனது நமக்குத் தெரியவே தெரியாது. கூட்டாத முற்றத்தை மட்டுமே கண்டு, யாரும் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நாகபுரித் தோழன் கடிதம் எழுதுவதை நிறுத்தியது மறதியாலா? எழுதியும் முகவரி மாறியதால் திரும்பிப் போயிற்றா? எழுதத் தொடங்கி, அஞ்சல் தலைக்குக் காசு கேட்கத் தயங்கி வைத்துவிட்டானா? உண்மையை மறைப்பதற்கில்லை; பெரும்பாலும் அவன் மறந்துதான் போயிருப்பான். ஆனால் அக்கதையைப் படித்த குழந்தை, மறந்துவிட்டான் என்று தீர்ப்பளிக்கும் முன் ஒரு கணம் தயங்கக் கற்றிருக்கும். அந்தத் தயக்கம் நட்புக்கு எவ்வளவு வேண்டியது என்பது, தவறான தீர்ப்புகளால் உறவுகள் முறிவதைப் பார்த்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு தடை எழும். ஏட்டில் உள்ள நண்பன் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. வேண்டாத நேரத்தில் வந்து கதவைத் தட்டுவதில்லை; கடன் கேட்பதில்லை; கோபித்துக்கொள்வதில்லை. சலித்தால் மூடி வைத்துவிடலாம். இத்தகைய ஒன்றை நட்பு என்று எப்படிச் சொல்வது? இந்தத் தடை வலுவானது. காணாமலே வளர்ந்த நட்புக்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டி இதற்கு விடை சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த வரலாற்றை முழுதும் நினைத்துப் பார்க்க வேண்டும். வடக்கிருந்த சோழன் தன் நண்பனுக்கென இடம் ஒதுக்கச் சொன்னான். பாண்டிய நாட்டுப் புலவர் நடந்து வந்து சேர்ந்தார். வராமலே இருந்திருந்தால் அந்த நட்பை நாம் இன்று பேசிக்கொண்டிருப்போமா? காணாத நட்பும் இறுதியில் ஒரு வருகையைக் கேட்டது. ஆகவே ஏட்டுத் தோழமை நட்பு அன்று என்பதை ஒப்புக்கொள்வோம். அது நட்பைக் காணும் காட்சி. கறிக்கு உதவாது என்பதும் மெய்யே. ஆனால் சுரைக்காய் எப்படி இருக்கும் என்றே அறியாதவன் சந்தையில் எதைத் தேடுவான்?

அந்தக் காட்சி இனிப்பானது மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கதையில் தேரை கனவு காண்கிறது. மேடையில் நின்று பியானோ வாசிக்கிறது, உயரக் கம்பியில் நடக்கிறது. ஒவ்வொரு வித்தைக்கும் பின், உன்னால் இது முடியுமா என்று தவளையைக் கேட்கிறது. கேட்கக் கேட்க, பார்வையாளர் இருக்கையில் உள்ள தவளை சிறிதாகிக்கொண்டே போய்ப் பின் காணாமலே போகிறது. மேடையில் தனித்து நின்று அலறுகிறது தேரை. நம் பிள்ளைகளின் மதிப்பெண்களை உறவினர் நடுவே நாம் அறிவிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் மற்றொரு பிள்ளை எவ்வளவு சிறியதாகிறது என்பதை எண்ணினால் இந்தக் கனவு விளங்கும்.

கடைசி நூலின் கடைசிக் கதையில் தவளை தனித்திருக்க விரும்பி ஆற்றின் நடுவே உள்ள திட்டில் போய் அமர்கிறது. தன்மேல் வெறுப்போ என்று பதறிய தேரை, உணவுக் கூடையோடு ஆமையின் முதுகில் ஏறிப் போய், நீரில் விழுந்து, எல்லாவற்றையும் நனைத்துவிடுகிறது. தவளை சொல்லும் காரணம் வேறு. வெயில் நன்றாக இருக்கிறது, தனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். இவற்றை நினைத்துப் பார்க்கத்தான் தனிமை வேண்டியிருந்ததாம். வீட்டில் ஒரு மூலையில் புத்தகத்தோடு ஒதுங்கி இருக்கும் குழந்தையைக் கண்டு நாம் பதறுவதும் தேரையின் பதற்றமே. ஒதுக்கப்பட்டு ஒதுங்குவது ஒன்று. உள்ளம் நிறைந்து ஒதுங்குவது மற்றொன்று. எது எது என்று பிரித்தறிவது எளிதன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

பெரியவர்கள் மீண்டும் இவற்றைக் கையில் எடுப்பதற்குக் காரணம் பழைய நினைவு மட்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. சிறு வயதில் படிக்கும்போது நாம் எல்லோரும் தேரைகள். நம்மைப் பொறுத்துக்கொள்ள யாரோ இருக்கிறார்கள் என்பதே மகிழ்ச்சி. நாற்பது வயதில், ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் முதிய தந்தையார் எழ மறுக்கும் காலையில், நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் வேலை நமக்கு வந்து சேர்கிறது. அப்போது அதே கதை வேறு கதையாகிறது. பொறுமை தவளைக்கு இயல்பாக வந்ததா, அன்றி அதுவும் சில வேளைகளில் பல்லைக் கடித்துக்கொண்டதா என்று அப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

இடமாற்ற ஆணை வந்து, மூட்டை கட்டும் நாளில், எடை குறைக்க வேண்டும் என்று முதலில் பழைய காகிதக்காரருக்குப் போவது குழந்தைகளின் கிழிந்த புத்தகங்களே. அவற்றை எடைபோடும் முன், எது போகலாம், எது வரவேண்டும் என்று அந்தக் குழந்தையை ஒருமுறை கேட்டுவிடலாம்.