கரணமும் சேஷனும்

காண்பது கண்ணா, கண்ணுக்குப் பின்னிருந்து காண்பவன் வேறொருவன் உண்டா என்னும் வினா, நம் தேசத்துத் தரிசனங்கள் யாவும் ஏதேனும் ஒரு விடை சொல்லாமல் கடந்து செல்ல இயலாத வினா. அதனை இக்காலத்தில் எழுப்புவதற்கு ஆசாரியர் எவரும் வேண்டுவதில்லை. பழைய லேப்டாப் ஒன்றும் அதில் புதிதாக ஏற்றிய இயங்குதளம் ஒன்றும் போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியதை ஒட்டிப் பதிப்பு மாறிய யந்திரங்கள் அநேகம். இவ்வாறு இயங்குதளம் மாறும்போதெல்லாம், எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள மேல்வரிசை விசைகளில் சில செயலற்றுப் போவது எந்த நிறுவனத்தின் யந்திரத்திலும் நேரக்கூடியதே. ஒலியைக் கூட்டும் விசை வேலை செய்யும். சூரியன் படம் போட்ட விசையை எத்தனை அழுத்தினாலும் திரையின் வெளிச்சம் அப்படியே நிற்கும். கீபோர்டு போய்விட்டதென்று வருந்துகிறவரிடம் பழுதுபார்ப்பவர் வாதம் செய்வதில்லை. யந்திரத்தை அணைத்து, மறுபடி எழுப்பி, இயங்குதளம் கண் விழிப்பதற்கு முன்பே எஃப்2-ஐத் தட்டுகிறார், பயாஸ் பட்டியல் விரிகிறது. எஃப்10-ஐத் தட்டுகிறார், சேமித்து வெளியேறவா என்று அது கேட்கிறது. “கீபோர்டு நல்லாத்தான் இருக்கு சார், டிரைவர்தான் இல்ல.” ஒலி விசை பெரும்பாலும் எழுத்துவிசையைப் போலவே தன் குறியெண்ணை நேரே அனுப்பிவிடுகிறது, வெளிச்ச விசையோ உள்ளிருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லுக்குச் சேதி சொல்ல, சில்லு அதனை இயங்குதளத்துக்கு அறிவிக்க, அங்கே அச்சேதியின் பொருள் தெரிந்த டிரைவர் காத்திருந்தாலொழியக் காரியம் நடவாது.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 11-ஆம் சூத்திரத்தில் நிறுவுவது இதனோடு வைத்து நோக்கத்தக்கது: கண்ணுக்குக் காட்டுவது ஆன்மா, ஆன்மாவுக்குக் காட்டுவது இறைவன். இயங்குதளமே யந்திரத்தின் ஆன்மா என்று சொல்லத் துணிபவரைச் சைவ சித்தாந்தி ஒப்பமாட்டார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களையும் மாயையின் காரியம், சடம் என்றே அவர் ஒதுக்கிவிடுவார். சாக்கிரத்தில் 35 கருவிகளோடு நின்ற உயிர் சொப்பனத்தில் 25-ஓடும் சுழுத்தியில் 3-ஓடும் நிற்பதாக அவர் எண்ணிச் சொல்லும்போது, கருவி கெடாமலே கருவியின் தொழில் நீங்கக்கூடும் என்பதைத்தான் சொல்கிறார். ஆயினும் இதனால் பதியாகிய இறைவன் உண்டென்பது நிரூபணமாயிற்று என எவரேனும் முழங்கினால் நான் உடன்படேன். டிரைவரை நிறுவியதும் விசை வேலை செய்கிறதே, இடையில் ஈசுவரன் எங்கே என்று உலகாயதன் கேட்பான். அது நியாயமான கேள்வி. கருவி தானாக அறியாது என்ற எல்லையோடு உவமை நின்றுவிடுகிறது.

அந்த எல்லைக்கு அப்பால் செல்ல விரும்புபவர் திருமயத்துக்கு வரலாம். ஒரே பாறையைக் குடைந்து சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அருகருகே எழுந்தருளியிருக்கும் ஊர் இது. இரு கோயிலாருக்கும் வருவாய் குறித்து மூண்ட வழக்கைப் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் 1245-இல் தீர்த்துவைத்த செய்தி கல்வெட்டிலேயே இருக்கிறது. பெருமாள் குகையில் பாறையோடு பாறையாய்ப் பள்ளிகொண்ட பெரிய திருமேனியின் கால்மாட்டில் அசுரர்களான மதுவும் கைடபனும் ஆயுதத்தோடு நிற்க, ஆதிசேஷன் அவர்கள்மீது தீ உமிழ்கிறான். எம்பெருமான் யோகநித்திரையில் இருக்கிறான், ஏவியவர் எவருமில்லை. படுக்கையும் குடையும் ஆசனமுமாய் எல்லா வகையிலும் கருவியாகவே வாழ்பவன், கட்டளைக்குக் காத்திராமல் செயற்படுகிறான்!

வைணவர் ஆன்மாவைச் சேஷன் என்றும் ஆண்டவனைச் சேஷி என்றும் வழங்குவதன் உட்கிடை இங்கே கல்லில் தெரிகிறது: பிறனுக்காகவே இருத்தலும் அறிவோடு இருத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆதிசேஷனுள் இருந்து காட்டியவன் இறைவனே என்று சித்தாந்தி விடாமல் சொல்லக்கூடும். அந்தரியாமியை ஒப்புக்கொண்ட வைணவரும் அதனை முற்றிலும் மறுத்துவிட முடியாது. எனக்கோ தலபுராணத்தின் அடுத்த பகுதியே முக்கியமாகப் படுகிறது. கேளாமல் செய்துவிட்டோமே என்று அஞ்சி ஆதிசேஷன் உடலைக் குறுக்கிக்கொண்டான் என்றும், பெருமாள் அவனைக் கையால் தட்டிக்கொடுத்து அபயம் அளித்தார் என்றும் மரபு கூறுகிறது. டிரைவர் வந்தபின் வெளிச்சத்தைக் கூட்டும் விசைக்கு, கூட்டியது தகுமா என்ற அச்சம் ஒருநாளும் எழுவதில்லை. கரணத்தையும் சேஷனையும் பிரிக்கும் கோட்டை, செயற்படும் ஆற்றலில் அன்று, அந்த அச்சத்திலேயே நான் இழுப்பேன்.