உசாத்துணையும் அறக்கடனும்

பிறரிடம் பெற்ற அறிவுக்கு அவர் பெயரைச் சுட்டுதல் வெறும் எழுத்து மரபா, அன்றி அறமா என்னும் வினா ஆய்வுலகிற் பழையதொன்றாகும். சுட்டும் பணியைக் கணனி தானே செய்யத் தொடங்கியுள்ள இக்காலத்தில் அவ்வினா புதுவலிமை பெற்றுள்ளது.

1985இல் தோன்றிய பிப்டெக் முதலாக, 2006இல் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸொட்டேரோ ஈறாக, உசாத்துணைகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள் பல எழுந்துள்ளன. ஸொட்டேரோவில் நூலொன்றின் பதிவெண்ணைக் கொடுத்த அளவில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு ஆகியன தாமே வந்தமைகின்றன. உசாத்துணைப் பட்டியலும் நொடிப்பொழுதில் உருவாகின்றது. அட்டைகளில் எழுதி, அகரவரிசைப்படுத்திப் பிழைதிருத்தச் செலவான நாள்கள் மாணாக்கருக்கு மிச்சமாகின்றன. இப்பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

எனினும், மலையகத்தை ஆயப் புகும் ஒருவரின் நிலையை நோக்குமிடத்து இவ்வசதியின் எல்லை புலனாகும். அச்சேறிய கட்டுரைகள் பட்டியலில் எளிதில் அமைந்துவிடும். ஆனால், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ லயத்து வாசலில் அமர்ந்து, நாடற்றோராக்கப்பட்ட தன் குடும்பத்தின் கதையை உரைக்கும் மூதாட்டிக்குப் பதிவெண் யாது? நேர்காணலுக்கும் ஸொட்டேரோவில் இடமுண்டு என்பது உண்மையே. ஆயின், அதனை ஆய்வாளரே தம் கையால் நிரப்புதல் வேண்டும். எளிதில் வருவது ஏறுதலும், முயன்று எழுதவேண்டியது விடுபடுதலும் மனித இயல்பு. ஈண்டுப் பிழை கருவியினதன்று. பட்டியல் நிறைந்தமையாற் கடன் தீர்ந்ததென மயங்கும் மனத்தினதாகும்.

தோட்டத் தொழிலாளர் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைத் திரட்டி நூலாக்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). எக்கருவியும் அந்நூலை அவர் பெயரிலேயே பதியும், அது முறையுமாகும். ஆனால் அவர் தம் நூலுக்கு இட்ட பெயர் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்பதாம். பாடல்கள் எவருக்குரியன என்பதை அத்தலைப்பே அறிவித்துவிடுகின்றது. கருவி செய்யவியலாத நன்றிக்கு இது தக்க சான்று.

பெயரின் மதிப்பைத் தோட்ட மக்களினும் நன்கறிந்தோர் அரியர். ஒருநாட் கூலியை அவர்கள் ‘பேர்’ என்பர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’ போடப்படும். செக்ரோலிற் பேர் விழாத உழைப்பு உழைப்பாகக் கணிக்கப்படுவதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ இன்னுங் கொடிது. இலங்கையிற் பிறந்திருந்தும், தந்தைவழிப் பிறப்புக்குப் பத்திரச் சான்று காட்ட இயலாமையாற் பலர் அச்சட்டத்தின்கீழ்க் குடியுரிமை இழந்தனர்.

பெயரை வெளியிடுதல் தகவல் தந்தோருக்குத் தீங்காகுமே என வினவலாம். உண்மை; அத்தகைய வேளையிற் பெயரை மறைத்துக் கடனை மாத்திரம் ஒப்புக்கொள்ளலே அறம். எதனைச் சொல்வது, எதனை மறைப்பது என்னும் தேர்வும் மனச்சான்றின் பாற்பட்டதேயன்றிக் கருவியின் பாற்பட்டதன்று.

‘உசாத்துணை’ என்னும் சொல் இன்று நூற்பட்டியலைக் குறிப்பினும், உசாவுதற்குத் துணையாக நின்ற மனிதரையே அது முன்னர்க் குறித்தது. பட்டியலை அடுக்கும் உழைப்பைக் கணனிக்கு விடுதல் தகும்; துணை நின்றாரை நினைத்தலை விடுதல் தகாது. பத்திரம் இன்மையால் ஒருமுறை நாட்டை இழந்த மக்கள், பதிவெண் இன்மையால் மற்றொருமுறை தம் சொல்லையும் இழத்தல் நீதியாகுமா?