சாவித்துளையில் சிக்கியவள்

நேற்றிரவு ‘பீட்டர் பேன்’ மறுபடி பார்த்தேன். 1953இல் வந்த டிஸ்னி படம். படுக்கக் கிடக்கும் கைக்கண்ணாடி மேல் குட்டித் தேவதை டிங்கர் பெல் நின்று, குனிந்து தன்னைப் பார்க்கிறாள். இடுப்பின் அகலத்தைக் கைகளால் அளக்கிறாள். முகம் சுண்டிப்போகிறது. சற்று நேரத்தில் இழுப்பறைக்குள் மாட்டிக்கொள்கிறாள். சாவித்துளை வழியே வெளியேறப் பார்க்க, அதே இடுப்பு சிக்கிக்கொள்கிறது. வசனமே கிடையாது, மணிச் சத்தம்தான்.

*

மர்லின் மன்றோவைப் பார்த்து வரைந்த உருவம் என்பார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மன்றோ இல்லை, மார்கரெட் கெரி. நடிகை, நடனமும் தெரிந்தவர். ஏறக்குறைய வெறுமையான படப்பிடிப்புத் தளத்தில், அவர் உயரத்துக்கு ஏற்பப் பெரிதாகச் செய்த சாவித்துளை, கத்தரிக்கோல் இவற்றோடு ஊமையாக நடித்தார். அந்தப் படச்சுருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனிமேட்டர் மார்க் டேவிஸ் வரைந்தார்.

அப்படியே நகலெடுத்தால் உருவம் செத்துக் கிடக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது கோபத்தில் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை மட்டும்.

கெரியின் குரலும் அந்தப் படத்தில் உண்டு. டிங்கர் பெல்லுக்கு அல்ல, ஒரு கடற்கன்னிக்கு.

*

பிரபலத்தையே கூப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். ‘ஃபாண்டேசியா’வில் (1940) மலையுச்சியில் சிறகு விரிக்கும் செர்னபாக் என்ற அரக்கனுக்காக, டிராகுலாவாகப் புகழ்பெற்ற பேலா லுகோசி வந்து பாவனைகள் காட்டிவிட்டுப் போனார். வரைய வேண்டிய பில் டைட்லாவுக்கு அது ஒத்துவரவில்லை. கூட வேலை பார்த்த வில்ஃப்ரெட் ஜாக்சனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி நிற்கவைத்து வரைந்துகொண்டார். டிராகுலாவால் ஆகாதது சக ஊழியரின் வெற்றுடம்பால் ஆயிற்று. எனக்கு இதில் ஏனோ அலாதி சந்தோஷம்.

*

தெரிந்த முகம் ஒன்றைச் சொன்னால்தான் நமக்குப் படம் நெருக்கமாகிறதோ என்னவோ. மார்ஜ் சாம்பியன் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்னோ ஒயிட்டின் நடையும் ஆட்டமும் அவருடையவை. அப்போது அவர் பதின்வயதுப் பெண், ஹாலிவுட் நடன ஆசிரியர் ஒருவரின் மகள். கார்ட்டூன் உருவத்துக்கேற்பத் தலை பெரிதாகத் தெரியட்டும் என்று அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். சூடு தாங்கவில்லை, கழற்றிவிட்டார். பிறகு ‘பினோக்கியோ’வின் நீலத் தேவதைக்கும் அவர்தான் ஆடிக் காட்டினார். 2020இல் இறந்தபோது அவருக்கு வயது 101.

ஸ்னோ ஒயிட்டுக்காக அவர் வாங்கிய கூலி நாளுக்கு 10 டாலர். 1937இல் படம் வெளிவந்தபோது பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.